மர ரவுட்டரில் அலுமினியம் வெட்டலாமா?

என் கடைக்கு வருபவர்களில் சிலர் அண்மைக் காலமாகக் கேட்கும் கேள்வி இது. "நானா, பலகை வெட்ட எடுத்த சி.என்.சி. ரவுட்டரில அலுமினியம் வெட்ட ஏலுமா?" கதவில் பூ வேலை செய்யவும், எம்.டி.எஃப். பலகை அறுக்கவும், கடைப் பெயர்ப்பலகைக்கு ஏ.சி.பி. தகடு வெட்டவும் இந்த மெஷினை எடுத்தவர்களே பெரும்பாலும் கேட்கிறார்கள். இன்னும் எடுக்காமல் விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானது. 1990இல் வெளியேறிப் போன நம்மவர்கள் 2009க்குப் பிறகு திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதல் சிலாவத்துறை, முசலி வரை மர ஜன்னலின் இடத்தை அலுமினிய ஜன்னல் பிடித்துக்கொண்டது. கறையானும் உப்புக் காற்றும் அதற்கு முக்கிய காரணங்கள். அலுமினியம் பொருத்தும் கடைகள் பெருகின. ஆனால் தடித்த அலுமினியத் தகட்டில் ஒரு குழி எடுக்கவோ, பத்து இடத்தில் சரியான அளவில் துளை போடவோ வேண்டுமென்றால் இன்றும் பலர் கொழும்புக்குத்தான் கொடுத்தனுப்புகிறார்கள். போக்குவரத்துச் செலவு ஒருபுறம், காத்திருக்கும் நாட்கள் மறுபுறம். இந்த இடைவெளி ஒரு வியாபாரம்தான்.

வெட்டலாம் என்பதே என் பதில். ஆனால் மரம் வெட்டுகிற பழக்கத்தோடு அலுமினியத்தில் கை வைத்தால் முதல் நாளிலேயே நாலைந்து கட்டர் உடையும். நான் இன்ஜினியர் அல்ல, ஓ.எல். வரை படித்து, ஹாட்வெயாரும் அலுமினியப் பகுதிகளும் விற்பவன். தொழில் செய்பவர்களோடு பழகித் தெரிந்துகொண்டதையும், கணக்குப் போட்டுப் பார்த்ததையும் எழுதுகிறேன்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பெரிய மேசை, அதன் மேல் குறுக்கே ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் ஸ்பிண்டில் மோட்டார், அதன் நுனியில் கட்டர். இடவலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று திசையிலும் கணினி சொல்கிறபடி கட்டர் நகரும். சி.என்.சி. என்ற இந்த முறையின் தாத்தா 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் காட்டப்பட்டது. அப்போது துளையிட்ட நாடாவைப் படித்து மெஷின் ஓடியது. இன்று ஒரு பென் டிரைவ் போதும்.

இரும்புப் பட்டறையில் இருக்கும் மில்லிங் மெஷினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மில்லிங் மெஷின் வார்ப்பிரும்பால் ஆனது. கனமானது, மெதுவாகச் சுற்றும், ஆழமாகக் கடிக்கும். ரவுட்டர் இலேசானது, நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை ஓடும். அதற்கு வேகம் உண்டு, முதுகெலும்பு குறைவு. ஆகவே ரவுட்டரில் அலுமினியம் வெட்டுபவர் மேலோட்டமாகவும் வேகமாகவும் வெட்ட வேண்டும். "உலோகம்தானே, மெதுவாகப் போவோம்" என்று நினைப்பவர்களே அதிகம் கட்டர் உடைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தச்சர் சீவுளி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அலகு போதுமான அளவு வெளியே நின்றால் சீவல் சுருண்டு வரும். அலகை மிகவும் உள்ளே இழுத்துவிட்டால் சீவல் வராது. பலகை மேல் வழுக்கிக்கொண்டு போகும், பலகை பளபளக்கும், அலகு சூடாகும். கட்டரும் அப்படித்தான். ஒவ்வொரு பல்லும் சுற்றி வரும்போது ஒரு சீவலை எடுக்க வேண்டும். அந்தச் சீவல் தன்னோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே பறந்துவிடும். சீவல் மிக மெல்லியதாக இருந்தால் பல் வெட்டாது, உரசும். உரசினால் சூடு ஏறும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும் உலோகம். அதற்கு வெகு முன்பே இளகி ஒட்டத் தொடங்கும். கட்டரின் பள்ளத்தில் அலுமினியம் ஒட்டிக்கொண்டால் அடுத்த சீவல் போக வழியில்லை. ஒரு விநாடிக்குள் கட்டர் முறியும்.

சீவலின் தடிப்பைக் கணக்கிடுவது எளிது. நகர்வு வேகத்தை, சுற்று எண்ணிக்கையால் வகுத்து, பல்லின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒரு பல் எடுக்கும் சீவல் வரும். இரண்டு பல் கட்டரைப் போட்டு, ஸ்பிண்டிலை முழு வேகமான 24,000 சுற்றில் ஓட விட்டு, பயத்தில் நகர்வை நிமிடத்துக்கு 200 மில்லிமீற்றர் என்று வைத்தால் என்ன வருகிறது? சுமார் 0.004 மில்லிமீற்றர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர். அதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சீவலை எந்தக் கட்டராலும் வெட்ட முடியாது. உரசத்தான் செய்யும்.

இப்போது ஒற்றைப் பல் கொண்ட 6 மில்லிமீற்றர் கார்பைட் கட்டரை எடுங்கள். 18,000 சுற்று, பல்லுக்கு 0.05 மில்லிமீற்றர் சீவல். பெருக்கினால் நிமிடத்துக்கு 900 மில்லிமீற்றர் நகர்வு. இது ஆரம்பத்துக்கு நல்ல எண். மெஷின் அதிராமல் ஓடினால் 0.08 வரை, அதாவது 1,440 மில்லிமீற்றர் வரை கூட்டிப் பார்க்கலாம். அவ்வளவு வேகத்தில் திருப்பங்களை எடுக்க மெஷின் தடுமாறினால் நகர்வை மட்டும் குறைக்காதீர்கள். சுற்றையும் சேர்த்துக் குறையுங்கள். ஆனால் இந்தச் சீன ஸ்பிண்டில்களுக்கு மெதுவாகச் சுற்றும்போது பலம் இருக்காது. 24,000 சுற்றில் 2.2 கிலோவாட் தருவது 8,000 சுற்றில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தரும். 10,000 சுற்றுக்குக் கீழே இறங்க அவசியம் வந்தால் வேலையை மாற்றி யோசிப்பது நல்லது.

ஒற்றைப் பல் ஏன் என்று கேட்கலாம். பல் குறைந்தால் இடையிலுள்ள பள்ளம் பெரிதாகும். சீவல் வெளியேற இடம் கிடைக்கும். மரத்துக்கு வாங்கிய கட்டர்கள் இதற்கு உதவாது. அலுமினியத்துக்கென்று பள்ளம் பளபளப்பாகத் தீட்டிய, சீவலை மேலே தள்ளுகிற கட்டர் வேண்டும். கறுப்பு அல்லது ஊதா நிறப் பூச்சு பூசிய கட்டர்களை விலை கூடியவை, ஆகவே நல்லவை என்று சிலர் வாங்குகிறார்கள். அவற்றில் பல இரும்புக்கான அலுமினியம் கலந்த பூச்சுகள். வெட்டும் அலுமினியம் அதில் இன்னும் சுலபமாக ஒட்டும். பூச்சே இல்லாத கார்பைட் போதும், விலையும் குறைவு.

3 மில்லிமீற்றர் கட்டரில் பழகத் தொடங்குவதையும் நான் விரும்பவில்லை. விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும். கொலெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். தடித்த கட்டர், குட்டையாகப் பிடித்தது: இதற்குச் செலவே இல்லை. கொலெட்டைத் துடைக்காமல் பழைய மரத்தூளோடு கட்டரைச் செருகுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தூளே கட்டரைக் கோணலாகச் சுற்ற வைக்கும். கொலெட்டும் தேய்கிற சாமான்தான், மலிவானது, மாற்றலாம்.

ஆழத்தில் பேராசை கூடாது. இலேசான மெஷினில் 6 மில்லிமீற்றர் கட்டர் முழு அகலமும் உள்ளே போய் வெட்டும்போது ஒரு தடவைக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் போதும். கட்டரை நேராகக் கீழே குத்த விடக் கூடாது; சரிவாக இறக்க வேண்டும், அல்லது வட்டமாகச் சுற்றிக்கொண்டே இறக்க வேண்டும். எல்லா மென்பொருளிலும் இதற்கு வழி இருக்கிறது. 10 மில்லிமீற்றர் தகட்டை முழுவதும் அறுத்தெடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். வெட்டும் பள்ளம் ஆழமாக ஆக சீவல் உள்ளேயே சுற்றி மறுபடி கட்டரில் மாட்டும். பள்ளத்தை 6க்குப் பதில் 7 மில்லிமீற்றர் அகலமாக வெட்டச் சொன்னால் சீவலுக்கு வழி கிடைக்கும். நேரம் கூடும், கட்டர் மிஞ்சும்.

காற்று மிக அவசியம். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கொம்ப்ரசரின் குழாயைக் கட்டரின் வாயை நோக்கி நிலையாகக் கட்டி விடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் குழாயில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்று வேண்டும். லேத் பட்டறைக்காரர் அலுமினியத்துக்குப் பழைய காலத்திலிருந்தே மண்ணெண்ணெய் தொட்டு வெட்டுவார்கள். அதையோ டபிள்யூ.டி. 40ஐயோ தூரிகையால் இரண்டு சொட்டு வைத்தால் ஒட்டுவது குறையும். மண்ணெண்ணெயைப் புகை போலத் தெளிக்க மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். மரத்தூள் உறிஞ்சும் பைக்குள் அலுமினியத் தூளையும் இழுக்க விடாதீர்கள். அதுவும் ஆபத்து. கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது. சுற்றும் கட்டருக்குப் பக்கத்தில் கையுறையோடு கை வைக்கக் கூடாது. சாரனோடு மெஷின் ஓட்டும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். கடையில் ஒரு நீளக் காற்சட்டை தொங்கட்டும்.

தகட்டை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும். மரப் பலகையை நாலு மூலையில் ஆணி அடித்தால் நிற்கும். அலுமினியத் தகடு நடுவில் மேலெழும்பி அதிரும், அதிர்ந்தால் கீச்சிடும், கீச்சிட்டால் வெட்டு கரடுமுரடாகும். முடிந்தவரை செய்யப்போகும் சாமானில் ஏற்கெனவே இருக்கும் துளைகளை முதலில் போட்டு, அவற்றின் வழியாகவே மேசையில் போல்ட் இறுக்குவது நல்ல வழி. மெல்லிய தகட்டுக்கு மேசையிலும் தகட்டின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவில் சுப்பர் குளூ விட்டு அழுத்துகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நன்றாகப் பிடிக்கும். முழுவதும் அறுபடும் துண்டுக்கு மூன்று நான்கு இடத்தில் சிறு பாலம் விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் துண்டு கழன்று கட்டரையும் உடைத்துக்கொண்டு பறக்கும்.

அடுத்தது சரக்கு. அலுமினியம் என்றால் ஒன்றே என்று நினைப்பது வியாபாரியாக எனக்குச் சங்கடமான விஷயம். அலுமெக்ஸ், சுவிஸ்டெக் போன்ற நம் நாட்டுக் கம்பனிகள் ஜன்னலுக்கென அழுத்தி எடுக்கும் பகுதிகள் பொதுவாக 6063 என்ற கலவை. அது கொஞ்சம் இளகியது என்றாலும் வெட்டலாம். பெயர்ப்பலகைக்கு வரும் மெல்லிய மென் தகடுகள் பல கிட்டத்தட்டத் தூய அலுமினியம். சூயிங்கம் போல் ஒட்டும். பழகுவதற்கு ஏற்றது 6061-டி6 தகடு. சீவல் சுத்தமாக முறிந்து வரும். படகு வேலைக்கு 5083 கடல் தண்ணீரைத் தாங்கும். 7075 இன்னும் அழகாக வெட்டுப்படும், பலம் அதிகம், ஆனால் உப்பில் அரிக்கும். மன்னாருக்கு அது வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கிலோ விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத துண்டில் பழகினால், தவறு மெஷினிலா கட்டரிலா சரக்கிலா என்றே விளங்காது. முதல் தகட்டுக்கு மட்டுமாவது கலவை எண் எழுதிய சரக்கை, பில் போட்டு வாங்குங்கள். 4 அடிக்கு 8 அடி, 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று ஏறக்குறைய 48 கிலோ வரும். பழகுபவருக்கு அதில் கால்வாசித் துண்டு தாராளம்.

நம் ஊருக்கென்று இரண்டு பிரச்சினைகள் உண்டு. ஒன்று காற்று. தீவின் தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாடிகளைச் சுற்றும் அதே சோளகக் காற்றுத்தான் நம் பட்டறைக்குள் உப்பையும் மணலையும் கொண்டு வருகிறது. அலுமினியம் தாங்கும்; மெஷினின் தண்டவாளமும் திருகுத் தண்டும் உருக்கு, அவை தாங்கா. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி மூட வேண்டும். கடற்கரைப் பக்கம் வாசல் வைத்த கொட்டிலில் மெஷினை வைக்க வேண்டாம்.

மற்றது மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு செய்த காரியத்தால் நாடே இருளானதும் நினைவிருக்கும். வேலை நடுவில் கரண்ட் போனால் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே தகட்டில் முதலிலேயே இரண்டு அடையாளத் துளை போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கொண்டு மறுபடி இடம் பிடிக்கலாம். கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். வைப்பது இதில் ஆபத்தானது. ஸ்பிண்டில் நின்றுவிடும், மேசை நகர்ந்துகொண்டிருக்கும், சுற்றாத கட்டர் தகட்டில் முட்டி முறியும். ஸ்பிண்டில் நின்றால் நகர்வும் நிற்கும்படி இணைத்துத் தருமாறு மெஷின் விற்பவரிடம் கேளுங்கள். எர்த் கம்பியும் சரியாக இருக்க வேண்டும்.

இனி நமக்குரிய கணக்கு. 150க்கு 100 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பிடிச்சட்டம் வேண்டுமென்று ஒருவர் வருகிறார். எடை 405 கிராம். சுற்றளவு 500 மில்லிமீற்றர். தடவைக்கு அரை மில்லிமீற்றர் என்றால் 21 சுற்று, அதாவது பத்தரை மீற்றர் வெட்டு. நிமிடத்துக்கு 900 மில்லிமீற்றர் வேகத்தில் 12 நிமிடம். துளைகள், பள்ளத்தை அகலப்படுத்துவது, கடைசி மெருகு எல்லாம் சேர்த்து 25 நிமிடம் என்று வையுங்கள். ஆனால் வரைபடம் போட, தகட்டைப் பிடிக்க, இடம் குறிக்க ஒரு மணி நேரம் போகும். ஒன்று மட்டும் செய்தால் ஒரு சாமானுக்கு 85 நிமிடம். ஒரே தகட்டில் இருபது செய்தால் ஒன்றுக்கு 28 நிமிடம். சரக்கின் கிலோ விலையை வைத்து மட்டும் கூலி சொல்பவர் ஒற்றை ஓர்டரில் நட்டப்படுவது இதனால்தான். ஆயத்த நேரத்துக்குத் தனியாகக் காசு கேளுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் காரணத்தை விளக்கினால் புரிந்துகொள்வார்.

எந்த வேலை நமக்குரியது என்பதிலும் தெளிவு வேண்டும். பள்ளிவாசல் ஜன்னலுக்கும் கேற்றுக்கும் நட்சத்திரக் கோலமிட்ட 3 மில்லிமீற்றர் தகடு கேட்டு நிறையப் பேர் வருவார்கள். அழகான வேலை. ஆனால் லேசர் மெஷின் வைத்திருப்பவர் நிமிடங்களில் வெட்டுவதை ரவுட்டர் மணிக்கணக்கில் வெட்டும். விலையில் போட்டி போட முடியாது. ஓர்டரை எடுத்து லேசர்காரரிடம் கொடுத்து, பொருத்தும் கூலியில் இலாபம் பாருங்கள். லேசர் செய்யாத வேலைகள் வேறு: தகட்டின் பாதி ஆழத்துக்குக் குழி எடுப்பது, எழுத்துச் செதுக்குவது, ஜன்னல் பகுதிகளில் பூட்டுக்கும் கைபிடிக்கும் இடம் வெட்டுவது, பல துண்டுகளில் ஒரே அளவில் துளை போட அச்சுத் தகடு செய்வது, படகில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் பொருத்தும் பிடிகள். படகுச் சாமானில் ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் நேரே இறுக்கினால் உப்புத் தண்ணீரில் அலுமினியம்தான் அரிக்கப்படும். நடுவில் நைலோன் வாஷர் போட வேண்டும். என்ஜினின் ஸ்டியரிங்கோடு, உயிரோடு சம்பந்தப்பட்ட சாமான்களைச் செய்து தரக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடலில் ஒன்று முறிந்தால் அந்தக் கணக்கைக் காசால் தீர்க்க முடியாது.

மெஷின் வாங்குவது பற்றி என் அபிப்பிராயம்: மர ரவுட்டர் ஏற்கெனவே இருப்பவர் முதலில் அதிலேயே பழகட்டும். புதிதாக எடுப்பவர், அலுமினியம்தான் முக்கியம் என்றால், 4 அடிக்கு 8 அடி வெட்டும் 1325 வகையை விட 600க்கு 900 மில்லிமீற்றர் வெட்டும் சிறிய, கனமான, போல் ஸ்குரூ பூட்டிய மெஷினைப் பார்க்கலாம். பாலம் குட்டையானால் ஆட்டம் குறையும். வட்டி லீசிங் நமக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, தவணை முதல் மாதமே தொடங்கிவிடும், ஓர்டர் அப்படி வராது. அமானா வங்கி போன்ற இடங்களில் இஜாரா முறையில் விசாரிக்கலாம், அல்லது இரண்டு கடைக்காரர் கூட்டாக எடுக்கலாம். எதுவானாலும் மாதாந்தத் தவணைக்கு எத்தனை மணி நேர வெட்டு வேலை தேவை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதிப் பாருங்கள். கட்டரும் கொலெட்டும் இறக்குமதிச் சாமான். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அப்போது மூன்று மாதத்துக்கு ஒரே விலை சொல்லி வைத்தவர்கள் பட்ட பாடு பலருக்குத் தெரியும். கொட்டேஷனில் "14 நாட்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

முதல் வாரத்தில் ஓர்டர் எடுக்க வேண்டாம். ஒரே துண்டு 6061, ஒரே வகைக் கட்டர் மூன்று. முதல் நாள் 50 மில்லிமீற்றர் நீளக் கோடுகள் மட்டும் வெட்டுங்கள். நகர்வை 700, 900, 1,100 என்று மாற்றி ஒவ்வொன்றிலும் சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு போல இருந்தால் உரசுகிறது. சிறு செதிள் போல, தொட்டால் குத்துவதாக இருந்தால் வெட்டுகிறது. நன்றாக வந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். அதன் பிறகு ஒரு சதுரம், ஒரு வட்டம் வெட்டி கலிப்பரால் அளந்து பாருங்கள். வட்டம் முட்டையாக வந்தால் பெல்ட்டோ திருகோ தளர்ந்திருக்கிறது. கூட்டிச் சேர்க்கும் சீவலை மற்றக் குப்பையோடு கலக்காமல் கலவை எண் எழுதிய சாக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். பழைய அலுமினியம் எடுப்பவர்கள் சுத்தமான சரக்குக்குக் கூடுதல் விலை தருவார்கள்.